பாம்பனில் பறங்கிக் கோட்டை: திருமலை நாயக்கர் போட்டது கணக்கா, விட்டது மானமா?

பாம்பன் பாலத்தடி:
நாயக்கர் என்றால் மகால், தெப்பக்குளம், சித்திரைத் திருவிழா என்று மூன்றையே சுற்றிச் சுற்றிப் பேசுகிறோம். எங்கள் கரையில் அவர் செய்த ஒரு காரியத்தை இங்கே வைக்கிறேன்.

1635-ல் இராமநாதபுரத்து மறவர் அரசர் கூத்தன் சேதுபதி இறந்த பிறகு இரண்டாம் சடைக்கத் தேவர் பட்டத்துக்கு வந்தார். தளவாய் சேதுபதி என்றும் சொல்வார்கள். கூத்தனுக்குக் காமக்கிழத்தி வழியில் பிறந்த தம்பித் தேவர், பட்டம் தனக்குத்தான் உரியது என்று மதுரையிடம் போய் நின்றார். திருமலை நாயக்கர் அவர் பக்கம் சாய்ந்தார். சடைக்கன் பணியவில்லை. மதுரையின் தளவாய், அதாவது படைத்தலைவர், இராமப்பய்யன் பெரும்படையோடு இறங்கினார். சேதுபதி இராமேசுவரம் தீவுக்குள் போய் அமர்ந்துகொண்டார். மதுரைப் படை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் போர்த்துகீசியரின் துணை தேவைப்பட்டது.

அந்தத் துணைக்கு 1639-ல் நாயக்கர் பேசிய விலை இது. பாம்பனில் ஒரு கோட்டை. அதில் ஒரு போர்த்துகீசியத் தலைவன், 50 போர்த்துகீசியச் சிப்பாய்கள், 100 லஸ்கர்கள் (உள்நாட்டு ஆட்கள்). அவர்கள் செலவுக்கு 3,000 பர்தாவோ (அன்றைய போர்த்துகீசிய நாணயம்). இராமேசுவரத்தில் தன் செலவில் ஒரு மாதா கோயில், பாம்பனுக்கும் தொண்டிக்கும் இடையே இன்னும் ஏழு. டச்சுக்காரரோடு நட்பு கிடையாது, அவர்கள் கப்பலுக்குத் தன் துறைகளில் இடம் கிடையாது. பதிலுக்கு, மறவர் கப்பல்களுக்குப் போர்த்துகீசியர் இடம் கொடுக்கக் கூடாது.

தன் கீழிருந்த ஒருவரை வழிக்குக் கொண்டுவர, சேதுவின் வாசலையே வெளிநாட்டான் கையில் கொடுக்கத் துணிந்தார் என்பது என் குற்றச்சாட்டு. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

வைகைக் கரையான்:
இருக்கிறது, அண்ணா. விலையைப் பட்டியல் போட்டீர்கள். வாங்க வந்தவன் எந்த நிலையில் இருந்தான் என்பதை விட்டுவிட்டீர்கள்.

1638-ல் கண்டி அரசர் டச்சுக்காரரோடு கைகோத்தார். அதே ஆண்டு மட்டக்களப்புக் கோட்டை போர்த்துகீசியர் கையை விட்டுப் போனது. 1639-ல் திருகோணமலை போனது. 1640-ல் காலி. அங்கே கோவாவின் முகத்துவாரத்தை டச்சுக் கப்பல்கள் வருடா வருடம் வந்து அடைத்துக்கொண்டிருந்தன. இப்படி நாலா பக்கமும் அடி வாங்கிக்கொண்டிருப்பவனிடம்தான் திருமலை பேரம் பேசினார். அவர்களுக்கு மன்னார்க் கடலில் ஒரு நண்பன் கிடைத்தாலே போதும் என்ற நிலை. திருமலைக்கு அன்றைக்குச் சில கப்பல்கள் போதும். கோட்டையும் கோயிலும் நாளைக்குச் செய்ய வேண்டியவை.

அந்த நாளையும் அவர் எப்படி நடத்தினார்? டச்சுக்காரனுக்கு என் துறையில் இடமில்லை என்றவர், 1640-களின் நடுவில் காயல்பட்டினத்தில் அதே டச்சுக்காரர் பண்டகசாலை போட அனுமதித்தார். ஒப்பந்தத்தை எழுதும்போதே அதை எத்தனை காலம் காப்பது என்று அவர் தீர்மானித்திருப்பார். இரண்டு வெள்ளைக்காரரையும் ஒருவர் மேல் ஒருவரை ஏவிவிட்டு, தன் வேலையை முடித்துக்கொண்டவர் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

இன்னொன்று. சேதுபதிகளுக்கு அந்த நிலத்தையும் பாதுகாவலையும் 1605 வாக்கில் கொடுத்து நிறுத்தியது முத்துகிருஷ்ணப்ப நாயக்கர். இராமேசுவரம் போகும் யாத்திரிகர்களைக் கள்ளர் பயமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. கொடுத்த கை கேட்டால் பணிய வேண்டும். பணியாதபோது படை போகாமல் வேறென்ன போகும்?

சேதுநாடன்:
கொடுத்த கையா? சேது காவல் எங்கள் குலத்தொழில் என்பது இந்தக் கரையின் நம்பிக்கை. முத்துகிருஷ்ணப்பர் செய்தது இருந்ததை ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

சரி, உங்கள் கணக்கிலேயே வருகிறேன். மேலே இருப்பவர் கேட்டால் கீழே இருப்பவர் பணிய வேண்டும் என்றால், மதுரை யாருக்குக் கீழே இருந்தது? விஜயநகரத்துக்கு. 1642-ல் பட்டமேறிய மூன்றாம் ஸ்ரீரங்கனுக்கு எதிராகத் திருமலை என்ன செய்தார்? கோல்கொண்டாச் சுல்தானை ஸ்ரீரங்கன் மேல் ஏவினார். பிறகு பீஜப்பூரைக் கூப்பிட்டார். வந்த பீஜப்பூர்ப் படை செஞ்சியைப் பிடித்ததோடு நிற்காமல் மதுரைவரை வந்து திறை வாங்கிக்கொண்டு போனது. கப்பம் கட்ட மறுத்துக் கிளம்புவது சடைக்கன் செய்தால் துரோகம், திருமலை செய்தால் ராஜதந்திரமா?

வைகைக் கரையான்:
இரண்டும் ராஜதந்திரம்தான். ஒருவருக்குப் பலித்தது, ஒருவருக்குப் பலிக்கவில்லை. நான் திருமலையைப் புனிதராக்கவில்லை, தம்பி. மூடர் என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

கடலோடி மகன்:
மதுரைக்காரர்களுக்குக் கடல் என்றால் தெப்பக்குளம். அதனால் கொஞ்சம் கடலைப் பற்றிச் சொல்கிறேன்.

மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே ஏறத்தாழ 2 கிலோமீட்டர். கிட்டத்தில் தெரியும், தாண்டுவது வேறு கதை. கால்வாயின் குறுக்கே தட்டைத் தட்டையாகப் பாறை வரிசை ஓடுகிறது. வற்றம் இறங்கினால் பாறைகள் தலை காட்டும். ஏற்றத்தில் மூழ்கிவிடும், ஆனால் இருக்கும். நீரோட்டம் இந்தப் பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி இழுக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே ஓடும், வாடைக் காலத்தில் திரும்பி ஓடும். இன்றைக்குக் கப்பல் போகிற அளவுக்குக் கால்வாயை வெட்டி ஆழப்படுத்தியது 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரப் பொறியாளர்கள். இராமப்பய்யன் காலத்தில் தோணியும் வத்தையும்தான் போயிருக்க முடியும். பறங்கியின் பெரிய கப்பல் அதற்குள் நுழைந்து படையை இறக்கியது என்று யாராவது நினைத்தால், ஒருமுறை பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்துவிட்டு வரட்டும்.

அப்படியென்றால் கப்பல் எதற்கு? தீவைச் சுற்றி அடைக்க. தீவில் மணல், பனை, தென்னை உண்டு. நெல் விளையாது. அரிசி வெளியிலிருந்து வர வேண்டும். மன்னார் 1560-லிருந்து போர்த்துகீசியரிடம், யாழ்ப்பாணம் 1619-லிருந்து அவர்களிடம். எங்கள் ஊரில் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்போம், தெற்கே இருப்பதை ஆண்கடல் என்போம். ஒரு பருவத்தில் ஒன்று கொந்தளித்தால் மற்றது அமைதியாக இருக்கும். ஆகவே வருடம் முழுக்க ஏதாவது ஒரு பக்கமாகத் தோணி வந்துபோகலாம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் காவல் போட முடிந்தவனால்தான் இராமேசுவரத்தைப் பட்டினி போட முடியும். அன்றைக்கு இந்தக் கடலில் அந்த வசதி இருந்தது ஒரே ஆளுக்கு.

இராமப்பய்யன் கடலில் கல்லைப் போட்டு அணை கட்டிக் கடந்தார் என்று ‘இராமப்பய்யன் அம்மானை’ என்ற கதைப்பாடல் பாடுகிறது. நான் அதை நம்புகிறேன். பாறைக்கும் பாறைக்கும் நடுவே கல் நிரப்பினால் போதும், ஆள் கூட்டம் இருந்தால் முடியும். ஆனால் கல் போடுகிறவன் தலையில் மேலேயிருந்து குண்டு விழாமல் பார்த்துக்கொள்ளக் கடல் பக்கம் ஒருவன் வேண்டும்.

பாம்பன் பாலத்தடி:
நன்றி, தம்பி. இது என் பக்கத்தைத்தான் பலப்படுத்துகிறது. போர்த்துகீசியர் இல்லாமல் தீவு விழாது என்றால், நாயக்கர் பேசிய விலை சும்மா வாய்ப்பேச்சு இல்லை. உண்மையாகவே கழுத்தை நீட்டியிருக்கிறார்.

கடலோடி மகன்:
அண்ணா, நான் யார் பக்கமும் இல்லை. கடல் பக்கம்.

பெரியபட்டினத்தார்:
வேதாளை பற்றி ஒருவரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டபத்துக்கு முன்னால் இருக்கும் அந்த ஊரில் 1540-களிலேயே போர்த்துகீசியர் காவல் வைத்திருந்தார்கள். அகழி வெட்டி வழியை மறித்து, இராமேசுவரம் போகிற யாத்திரிகரிடம் சுங்கம் பிடுங்கினார்கள். காசிக்குப் போன பலன் முழுமையாக இராமேசுவரம் வர வேண்டும் என்று வடக்கிலிருந்து கால்நடையாக வருகிறவனை, கடைசி எட்டில் நிறுத்திக் காசு கேட்டால் என்ன ஆகும்? 1549-ல் வடுகர், அதாவது தெலுங்கர், படை வந்து வேதாளையை அடித்தது. அந்தோனியோ கிரிமினாலி என்ற இயேசு சபைப் பாதிரியார் அந்தத் தாக்குதலில் கொல்லப்பட்டார். அவர் தன் மக்களை விட்டு ஓட மறுத்து நின்றவர் என்பதையும் சொல்ல வேண்டும். சுங்கம் வாங்கியது வேறு ஆட்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 90 வருடத்துக்கு முன்னால் வடுகர் படை வாளால் அப்புறப்படுத்திய அதே ஏற்பாட்டைத்தான் திருமலை 1639-ல் பாம்பனுக்குக் கூப்பிடுகிறார். அது என்ன மாதிரியான இடம் என்று மதுரை அரண்மனையில் ஒருவருக்குக்கூடவா ஞாபகம் இல்லை? முத்துக்குளித்துறை ஏற்கெனவே அவர்கள் பிடியில். சங்கு, முத்து, அரிசி, துணி என்று இந்தக் கரையில் பிழைத்த மரக்காயர்களுக்கும் (முஸ்லிம் கடல் வணிகர்கள்) அந்தக் கோட்டையால் நன்மை வந்திருக்காது. கடலில் போகிற தோணிக்கெல்லாம் அனுமதிச் சீட்டு வாங்கு என்பவன், கால்வாயின் கழுத்திலேயே உட்கார்ந்தால் கேட்கவா வேண்டும்?

வைகைக் கரையான்:
ஐயா, நல்ல செய்தி. ஆனால் 1540-களில் வேதாளையில் காவல் போட்டவன் யாரிடமும் கேட்காமல் போட்டான். 1639-ல் அவன் அரசன் அனுமதியோடு, அரசன் கொடுக்கும் சம்பளத்தில், 50 பேரோடு இருக்கப் போகிறான். 3,000 பர்தாவோவை யார் கொடுக்கிறார்களோ அவர்கள் நிறுத்தவும் செய்யலாம்.

சேதுநாடன்:
சம்பளம் வாங்குகிறவன் சொன்னபடி கேட்பான் என்று நம்பித்தான் ஆற்காட்டு நவாப் கும்பினிக்காரனையும் வைத்துக்கொண்டார். அது எங்கே போய் முடிந்தது என்று நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம்.

இராமப்பய்யன் ஜாதியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது...

நிர்வாகி:
வேண்டியதில்லை. மேலே உள்ள பதிவின் மீதிப் பகுதி நீக்கப்பட்டது. சண்டை 1639-க்கு உள்ளேயே இருக்கட்டும்.

திருவாடானை டீச்சர்:
எல்லோரும் தீவைப் பிடிப்பதிலேயே நின்றுவிட்டீர்கள். பிடித்த பிறகு என்ன நடந்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம். வகுப்பில் இதை நடத்தும்போதும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் கேள்வி கேட்பார்கள்.

சேதுபதியின் மருமகன் வன்னியன்தான் போரை முன்னின்று நடத்தியவர். அவர் அம்மை கண்டு இறந்தார். அதோடு சேதுபதியின் முதுகெலும்பு முறிந்தது. சடைக்கன் சரணடைந்தார், மதுரையில் விலங்கோடு சிறையில் வைக்கப்பட்டார். தம்பித் தேவருக்குப் பட்டம் கிடைத்தது. மதுரைக்கு முழு வெற்றி. இதுவரை வைகைக் கரையான் சொல்கிற கணக்கு சரியாகவே வருகிறது.

பிறகு? தம்பியால் நாட்டை ஆள முடியவில்லை. சேது வழி முழுவதும் கொள்ளை. யாத்திரிகர்களும் பைராகிகளும் (வடநாட்டுத் துறவிகள்) மதுரைக்கு வந்து முறையிட்டார்கள். திருமலை, தான் சங்கிலி போட்டு வைத்திருந்த அதே சடைக்கனை விடுவித்து, அதே நாட்டுக்கு அனுப்பினார். சிறையில் தெய்வ அருளால் விலங்கு தானாக விழுந்தது, அதைக் கண்டு நாயக்கர் விட்டுவிட்டார் என்று அம்மானை இதற்கு வேறு காரணம் சொல்கிறது. எனக்குப் பைராகிகள் சொன்னதில்தான் நம்பிக்கை. யாத்திரை நின்றால் சுங்கம் நிற்கும், அதைவிட மேலாக, இராமேசுவர வழியைக் காக்க முடியாதவர் என்று வடதேசம் வரைக்கும் பெயர் கெடும். பறங்கிக் கப்பல் தீவை வாங்கிக் கொடுக்கும். காளையார்கோவில் காட்டில் இரவில் மாட்டு வண்டிக்கு யார் துணை வருவது? அதற்கு அந்த ஊர் ஆளே வேண்டும்.

1645-ல் தம்பித் தேவர் சடைக்கனைக் கொன்றுவிட்டார். திருமலை மறுபடி படையை நம்பவில்லை. நாட்டை மூன்றாகப் பிரித்தார். இராமநாதபுரம் ரகுநாதத் தேவருக்கு, எங்கள் திருவாடானைப் பக்கம் தனக்கத் தேவருக்கு, சிவகங்கை தம்பிக்கு. மற்ற இருவரும் இறந்ததும் எல்லாம் ரகுநாதரிடம் சேர்ந்துவிட்டது. ஆக, 1639-ல் எதைத் தடுக்கக் கப்பலும் கோட்டையும் பேசினாரோ, அதே ஒன்றுபட்ட, வலுவான சேதுபதி மறுபடியும் வந்து நின்றார். அந்தச் சேதுபதிதான், மைசூர்ப் படை எதிர்ப்பட்டவர்களின் மூக்கை அறுத்துக்கொண்டு மதுரை வாசலுக்கு வந்தபோது, நோய்ப் படுக்கையில் கிடந்த திருமலையைக் காப்பாற்றினார். கப்பத்தைத் தள்ளுபடி செய்து, ‘திருமலை சேதுபதி’ என்று தன் பெயரையே கொடுத்து, மதுரையில் நடப்பதுபோல் நவராத்திரி கொண்டாடும் உரிமையையும் கொடுத்தார் நாயக்கர்.

ஆகவே எனக்கு இருவரிடமும் கேள்வி. ரகுநாதருக்குச் செய்ததை 1635-லேயே சடைக்கனுக்குச் செய்திருந்தால் பறங்கியின் வாசலில் போய் நிற்க வேண்டியிருந்திருக்குமா?

வைகைக் கரையான்:
டீச்சர், 1635-ல் செய்திருக்க முடியாது. அடித்துப் பார்க்காமல் ஒரு அரசு யாருக்கும் கப்பத்தைத் தள்ளுபடி செய்யாது. எழுபத்திரண்டு பாளையக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சேதுபதிக்கு இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு ஒவ்வொருவனும் தன் கோட்டைக் கதவைச் சாத்திக்கொள்வான். முதலில் கை ஓங்கியிருப்பதைக் காட்ட வேண்டும், பிறகுதான் கையை நீட்ட வேண்டும். திருமலை அந்த வரிசையைச் சரியாகச் செய்தார். அவர் இருந்தவரை ரகுநாதர் மதுரைக்கு எதிராக வாள் எடுக்கவில்லை.

திருவாடானை டீச்சர்:
அவர் இருந்தவரை. 1659-ல் அவர் போனார். சொக்கநாதர் வந்ததும் ரகுநாதர் உதவிக்கு வரவில்லை என்று சொல்லி மறுபடி இராமநாதபுரத்துக்குப் படை வந்தது. மானாமதுரை, காளையார்கோவில் எல்லாம் பிடித்தார்கள். காட்டுக்குள் மறவர் படை கொடுத்த அடியில், முடிக்க முடியாமல் பாதியில் திரும்பினார் சொக்கநாதர். நீங்கள் சொல்கிற ‘வரிசை’ ஒரு தலைமுறைகூடத் தாங்கவில்லை.

பாம்பன் பாலத்தடி:
வைகைக் கரையான் ஆரம்பத்தில் பெருமையாகச் சொன்ன காயல்பட்டினப் பண்டகசாலைக்கு வருகிறேன். டச்சுக்காரனையும் உள்ளே விட்டு, போர்த்துகீசியரையும் வைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் ஆட்டிவைத்தார் என்றீர்கள். ஆட்டிவைத்ததன் பலன் 1640-களின் கடைசியில் தெரிந்தது. போர்த்துகீசியர் கொடுத்த நெருக்கடியில் டச்சுக்காரரை விரட்டப் போக, அவர்கள் படையோடு திரும்பி வந்து திருச்செந்தூர் கோயிலுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். விக்கிரகத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மகால் கட்டிய மன்னரால், தன் கடற்கரையில் இருந்த முருகனைத் தன் படையால் காக்க முடியவில்லை. கப்பல் இல்லாத அரசு, இரண்டு கப்பல்காரர்கள் சண்டைக்கு நடுவே நின்றால் மிதிபடுவது யார்?

1658-ல் டச்சுக்காரர் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் மூன்றையும் ஒரே வருடத்தில் பிடித்துப் போர்த்துகீசியர் கணக்கை முடித்தார்கள். அன்றைக்குப் பாம்பனில் ஒரு போர்த்துகீசியக் கோட்டை இருந்திருந்தால் அதுவும் அவர்கள் கைக்குத்தான் போயிருக்கும். அதாவது, சேதுவின் சாவி யார் யாரிடமோ கைமாறியிருக்கும், மதுரையைக் கேட்காமலேயே.

வைகைக் கரையான்:
போயிருக்கும், மாறியிருக்கும்... நடக்காததை வைத்து ஒருவரைக் கழுவில் ஏற்றுகிறீர்கள், அண்ணா.

திருச்செந்தூரை ஒப்புக்கொள்கிறேன், அதில் திருமலைக்குப் பெருமை இல்லை. ஆனால் அவரிடம் கடற்படை இல்லாதது அவர் ஒருவரின் குறையா? அன்றைக்குத் தஞ்சையிடம் இருந்ததா? செஞ்சியிடம்? இலங்கையில் கண்டி அரசரும் போர்த்துகீசியரை விரட்ட டச்சுக்காரரைத்தான் கூப்பிட்டார். வந்தவர்கள் பிடித்த துறைகளில் தாங்களே உட்கார்ந்துகொண்டார்கள். அந்தப் பகுதி முழுவதும் இருந்த நிலைமை அது. அதற்குள் நின்று, தன் நாட்டுக்குள் ஒரு அந்நியக் கோட்டையும் நிலைக்காமல், தீவையும் வாங்கினார். கண்டியோடு வைத்துப் பாருங்கள், திருமலை எவ்வளவோ மேல்.

பெரியபட்டினத்தார்:
கண்டியோடு ஒப்பிட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் சேதுபதிகளோடும் வைத்துப் பாருங்கள். பின்னாளில் கிழவன் சேதுபதிக்கும் கீழக்கரை பெரியதம்பி மரக்காயருக்கும், அதாவது சீதக்காதிக்கும், இருந்த நெருக்கம் ஊரறிந்தது. டச்சுக்காரரோடு பேச வேண்டிய இடத்தில் பேசினார்கள், முறைக்க வேண்டிய இடத்தில் முறைத்தார்கள். சொந்தக் கரையில் தோணி வைத்திருந்த வியாபாரி துணை இருந்ததால் முடிந்தது. திருமலைக்குப் பக்கத்திலேயே அப்படிப்பட்ட ஆட்கள் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு, அவர்களுடைய பரம எதிரியிடம் போனார்.

கடலோடி மகன்:
இதுதான் எனக்கும் புரியாதது. தோணி வேண்டுமென்றால் கரையில் உள்ளவனைக் கேட்க வேண்டும்.

வைகைக் கரையான்:
கரையில் உள்ளவன் சேதுபதிக்கு எதிராகத் தோணி விடுவானா, தம்பி? நீங்கள் விடுவீர்களா?

கடலோடி மகன்:
மாட்டேன்.

சேதுநாடன்:
அப்பாடா. முடிவாக ஒன்று. 1702-ல் ராணி மங்கம்மாள் படை வந்தது. கிழவன் சேதுபதி தோற்கடித்து அனுப்பினார். அதோடு மதுரைக்குக் கட்ட வேண்டிய கப்பமும் போனது, மேலாதிக்கமும் போனது.

வைகைக் கரையான்:
மங்கம்மாள் காலத்துத் தோல்வியைத் திருமலை தலையில் எழுதாதீர்கள். நடுவே 40 வருடம், தஞ்சைச் சண்டை, மைசூர்ச் சண்டை, முகலாயருக்குக் கட்டிய கப்பம் என்று எத்தனையோ இருக்கிறது. 1702-க்குத் தனி இழை தொடங்குங்கள். அங்கே வருகிறேன்.